உரிமையாளர் விடுப்பில்

பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்போது மனசு இல்லை. நன்றாகத்தான் இருப்பாய். என் கொழுந்தன் உன்னை நன்றாகத்தான் வைத்திருப்பான். இரண்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. நம் வீட்டு ஆண்கள் மூலமாகச் சொல்லி அனுப்பலாம் என்றால், அண்ணனும் தம்பியும் போனில் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதைத் தாண்டிப் போனதே இல்லை. அதனால்தான் ரிப்போர்ட் எழுதும் தாளிலேயே உனக்கு எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நம் லேபுக்கு ஓலை வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பும் ரத்தத்துக்கு இனிமேல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தனுப்பக் கூடாதாம். நம் கம்ப்யூட்டர் அவர்கள் கம்ப்யூட்டரோடு நேராகப் பேச வேண்டுமாம். அப்படிப் பேச வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கி, முறையாகப் பதிவு செய்த புது ஓ.எஸ். என்கிற சாஃப்ட்வேர் உள்ளே இருக்க வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதி ஓர் அதிகாரி வருகிறார். கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்ப்பாராம். லைசென்ஸையும் பில்லையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் மார்ச்சிலிருந்து ஒரு ரத்த டியூப் கூட நமக்கு வராது.

அவர்கள் டியூப் வராவிட்டால் நம்மிடம் என்ன மிச்சம், நீயே சொல். தெருவில் போகிறவர்கள் சர்க்கரை பார்க்க ஏறி வருவதை வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை ஓட்டக்கூட முடியாது. மூடிவிட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். ரத்தம் எடுக்கிற நம் கொசுவிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. குழந்தைகள் வைத்த பெயர் என்று அவளும் சிரித்துக்கொண்டே ‘கொசு வந்திருக்கேன், கையை நீட்டுங்க’ என்று சொல்கிறாள். இரண்டு பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் டியூப்பை மட்டும் வாங்கி வைக்கிறேன்.

இப்போது நான் கேட்பதற்கு மழுப்பாமல் பதில் சொல். ஆஸ்பத்திரியில் நம்மைப் போட்டுக்கொடுத்தது நீதானா? போன வருஷம் வைரஸ் வந்து கம்ப்யூட்டர் முழுக்கப் பூட்டிக்கொண்டு அத்தனை ரிப்போர்ட்டும் போச்சே, அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி டாக்டர் முன்னால் நின்று, "திருட்டு ஓ.எஸ். போட்டு ஓட்டினா இப்படித்தான் டாக்டர் ஆகும்" என்று சொன்னவள் நீ. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அதற்கு அடுத்த மாதம் கொழுந்தனுக்கு மாற்றல் வந்தது, நீ ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டாய். இப்போது சொல்லிவைத்த மாதிரி இந்த ஓலை. நான் என்னவென்று நினைப்பது?

நீ இல்லை என்றால் சரி. ஆனால் ஓ.எஸ். என்பதை எங்கே வாங்குவது, என்னவென்று கேட்டு வாங்குவது, ஒன்று வாங்கினால் இரண்டு கம்ப்யூட்டருக்கும் போடலாமா, அதையாவது எழுது. நான் ரத்தம் பார்க்கிறவள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் எனக்கு உலகமே தெளிவாக இருக்கும். இந்தப் பெட்டி முன்னால் நின்றால்தான் எந்த எழுத்து எங்கே என்று தேடுகிறேன். நின்றால் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், உன் நாற்காலி மேல் மருந்து வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டேன். நின்றுகொண்டேதான் தட்டுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காதது வேண்டுமென்றேதான். பேசினால் உங்கள் குரல் ஏறும், என் குரல் உடையும், சொல்ல வந்ததை இரண்டு பேருமே சொல்லாமல் வைத்துவிடுவோம். எழுதுங்கள், அது போதும்.

நான் யாரையும் போட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஓலை எல்லா லேபுக்கும் போயிருக்கும். தாளின் மேலே ‘அனைத்துப் பரிசோதனை நிலையங்களுக்கும்’ என்று இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். டாக்டர் முன்னால் நான் பேசியது தப்பாக இருக்கலாம், பொய் இல்லை. முறையாக வாங்கிவிடலாம் என்று நான் சொன்ன போதெல்லாம் ‘ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்துற’ என்றீர்கள். கம்ப்யூட்டர் பார்க்க வரும் சிடிக்காரர் தன் பையிலிருந்து ஒரு திருட்டு சிடியை எடுத்துப் போடுவார், டீயைக் குடிப்பார், போவார். எல்லாம் பூட்டிக்கொண்ட அன்று கவுண்டரில் அத்தனை பேர் நிற்கும்போது, "இவ சினிமா எறக்கிப் பாத்திருப்பா, அதான் வந்திருக்கு" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் நான் ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. இதை இதோடு விடுகிறேன்.

சிடிக்காரரைக் கூப்பிடாதீர்கள். மார்க்கெட் தெருவில் மாடிப்படி ஏறிப் போகும் கம்ப்யூட்டர் கடை இருக்கிறதே, நான் மவுஸ் வாங்கிய கடை, அங்கே போங்கள். ஒரு லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். நமக்கு இரண்டு வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான வகை விலை குறைவாக இருக்கும், ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியோடு இணைக்க அலுவலக வகைதான் வேண்டும். டப்பாவுக்குள் ஓர் அட்டை இருக்கும், அதில் கீ என்கிற ரகசிய எண் இருக்கும், அது யார் கண்ணிலும் பட வேண்டாம். பதிவு செய்து கொடுக்கக் கடையிலிருந்தே ஆளை அனுப்புவார்கள். மறக்காமல் பில் கேட்டு வாங்குங்கள். அதிகாரி முதலில் கேட்பது பில்லைத்தான். அதைப் பத்திரமாக வையுங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளை வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். இதைக் கடை ஆளிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கொசுவிடம் இப்போது சொல்லாதீர்கள்.

சின்னவள்


பிப்ரவரி 12

சின்னவளே,

தாளின் மேலே ‘அனைத்து’ என்றுதான் இருந்தது. சரி.

நான் இப்போது இருக்கும் நிலைமையில் எதை முதலில் எழுதுவது, எதைப் பின்னால் எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நீ சொன்ன கடைக்குத்தான் போனேன். அலுவலக வகை என்று நீ எழுதிய அந்த வரியை அப்படியே கடைக்காரனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு டப்பா எடுத்து வைத்தான். டப்பாவைத் திறந்து பார்த்தால் உள்ளே காற்றும் ஓர் அட்டையும். "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டேன். "சாமான் கண்ணுக்குத் தெரியாதும்மா, உரிமைதான் வாங்கறீங்க" என்றான். கண்ணுக்குத் தெரியாததை டப்பாவில் போட்டு விற்கிறவனிடம் என்ன பேசுவது? அவனே பதிவுக் கணக்கும் திறந்து தருவதாகச் சொல்லி, போன் நம்பர் கேட்டான், சொன்னேன். தட்டினான். பில் கொடுத்தான். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

பில்லைப் பத்திரமாக வையுங்கள் என்று எழுதினாய் அல்லவா? நம் லேபில் பத்திரம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? ரத்த வகை அட்டை போடுகிற லேமினேஷன் மிஷின் அப்போதுதான் சூடாக இருந்தது. உன் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் லேமினேட் செய்துதான் வைத்திருக்கிறேன். முதலில் கீ அட்டைகளை விட்டேன், கண்ணாடி மாதிரி வெளியே வந்தன. அடுத்தது பில். வழவழவென்று ஒரு தாள். மிஷினுக்குள் வெள்ளையாகப் போனது, வெளியே அட்டக்கரியாக வந்தது. ஓர் எழுத்து இல்லை. சூடு பட்டால் அந்தத் தாள் அப்படித்தான் ஆகுமாம், கொசு சொல்கிறாள். போன பிறகு சொல்கிறாள்.

அந்தக் கறுப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பில் காப்பி உங்க போனுக்கே மெசேஜா போயிருக்குமே" என்றான். என் போனில் ஒன்றும் இல்லை. இன்னொரு பில் அடித்துக் கொடு என்றால், பதிவான நம்பரிலிருந்து கேட்டால்தான் மேலிடத்தில் கொடுப்பார்களாம்.

மறுநாள் பதிவு செய்ய ஆள் வந்தான். பழைய ரிப்போர்ட்டை எடுத்து வை என்று முதல் வார்த்தையாகச் சொன்னேன், எடுத்து வைத்தான். புது ஓ.எஸ். இரண்டிலும் ஏறிவிட்டது. திரைகூட நீலமாக அழகாக இருக்கிறது. கடைசியில், "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்றான். என் போனைப் பார்த்தேன், வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னான், வரவில்லை. போனை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன், வாசலில் நின்றேன், மாடிப்படியில் ஏறினேன். அவன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் இன்றைக்கு இனி முயற்சி செய்யக் கூடாது என்று கம்ப்யூட்டரே கதவைச் சாத்திவிட்டது. திரையில் பார்த்தால், நாற்பத்தேழில் முடிகிற நம்பருக்கு அனுப்பியிருப்பதாக இருக்கிறது. என் நம்பர் நாற்பத்தேழிலா முடிகிறது? என் போனின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தேன், இல்லை.

அந்தக் கடைக்காரன் தன் நம்பரையோ வேறு யார் நம்பரையோ போட்டு நம் லைசென்ஸை அமுக்கிவிட்டான் என்றே நினைக்கிறேன். போய்க் கத்திவிட்டு வந்தேன். ‘நீங்க சொன்ன நம்பரைத்தான் போட்டேன்’ என்று சாதிக்கிறான். மாற்றிக் கொடு என்றால், மாற்றுவதற்கும் அந்த நாற்பத்தேழுக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டுமாம். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிறேன்.

இதற்கு நடுவில் கவுண்டர் கம்ப்யூட்டரின் திரை மூலையில், ‘இந்தப் பிரதி இன்னும் உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுத்து வந்து உட்கார்ந்துவிட்டது. நடுவீதியில் கடை வைத்துக்கொண்டு மாதாமாதம் சர்க்கரை பார்க்க வரும் அந்தச் சர்க்கரைக்காரர் அதைப் படித்துவிட்டு, "அப்ப என் ரிப்போர்ட்டும் உறுதியில்லையா?" என்று கேட்கிறார். அந்த மூலையில் ஒரு காலண்டர் தாளை ஒட்டிவிட்டேன்.

சாப்பாடு இறங்கவில்லை. மாமாவிடம் சொன்னால், தம்பியிடம் பேசுவதைப் போலவே ஒரே வார்த்தையில் ‘பாத்துக்கலாம்’ என்கிறார். யார் பார்ப்பது?

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை.

முந்தாநாள் என் போனுக்கு ஏதோ கம்ப்யூட்டர் கடை பெயரில் பில் என்று ஒரு மெசேஜ் வந்தது. கூடவே தட்டிப் பார்க்கச் சொல்லி ஒரு சுட்டி. நேற்று யாரோ என் பெயரில் எதையோ திறக்கப் பார்த்திருக்கிறார்கள், ஓ.டி.பி. மேல் ஓ.டி.பி.யாக வந்து கொட்டியது. ஒன்றையும் தொடவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்பிய நம்பர்களையும் தடுத்துவிட்டேன். ஒரு தடவை சூடுபட்டது போதும். என் நம்பர் சிடிக்காரரிடம் இருக்கிறது, அவர் வேலையாக இருக்குமோ என்று சந்தேகம். உங்கள் போனுக்கும் இப்படி ஏதாவது வந்தால் அழித்துவிடுங்கள். யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதீர்கள்.

ஓ.எஸ். வாங்கினீர்களா?

சின்னவள்


பிப்ரவரி 16

அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

நாற்பத்தேழு என் நம்பர்.

கடைக்காரர் எதையும் அமுக்கவில்லை. அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பாவம். நீங்கள் என் நம்பரைச் சொல்லியிருக்கிறீர்கள். மவுஸ் வாங்கியபோது அந்த நம்பரில் என் பெயர் ஏறியிருக்கும், லைசென்ஸும் என் பெயருக்குப் போயிருக்கும். உங்கள் நம்பர் உங்களுக்குத் தெரியாதா? இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு புதுச் சாமான் வாங்கப் போன இடத்தில் என் நம்பரை ஏன் சொன்னீர்கள்? கோபமாகக் கேட்கிறேனா, வேறு எப்படியும் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நம் லேபுக்கு வரும் பழைய மெசேஜ்கள் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. மருந்துப் பெட்டி வந்து சேர்ந்தது, கரண்ட் பில், ஃப்ரிட்ஜ் சர்வீஸ். நான் இருந்தபோது கொடுத்த நம்பர், மாற்ற மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். நானும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் புதிதாக ஒன்றுக்கு என்னைக் கொடுப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அதனால்தான் திருட்டு மெசேஜ் என்று அழித்தேன். நம் பில்லை நானே என் கையால் அழித்திருக்கிறேன். நீங்கள் கறுப்பாக்கினீர்கள், நான் இல்லாமலே ஆக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறோம்.

பில்லுக்கு நான் கேட்டுக்கொள்கிறேன். பதிவான நம்பர் என்னுடையது என்பதால் நான் கேட்டால் கொடுப்பார்கள். எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை. அதுதான் பயம்.

ஓ.டி.பி. தபாலில் வராது. வந்த பத்து நிமிடத்தில் செத்துப்போகும். அதனால் பத்தொன்பதாம் தேதி மதியம், கூட்டம் குறைந்த பிறகு, கடை ஆளை உட்கார வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்யுங்கள். எடுக்கிறேன். தடுத்து வைத்திருந்த நம்பர்களைத் திறந்துவிட்டேன், எண் வந்ததும் சொல்கிறேன். வேறு எதுவும் பேச வேண்டாம்.

சின்னவள்


பிப்ரவரி 20

சின்னவளே,

எழுத்து போய்விட்டது. காலண்டர் தாளைக் கிழித்தேன், மூலை சுத்தமாக இருக்கிறது. அந்தச் சர்க்கரைக்காரரை வரச்சொல்லிக் காட்டலாம் போல இருந்தது.

நேற்று நீ சொன்ன மாதிரி நான் வேறு எதுவும் பேசவில்லை. நீ ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாய், நான் திருப்பிச் சொன்னேன், அவன் தட்டினான். ஒரு கம்ப்யூட்டர் முடிந்தது. இரண்டாவதற்கு எண் வரத் தாமதமானது. நீயும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. உன் பக்கம் குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. ‘எழுந்து போய் அணைச்சுட்டு வாயேன்டி’ என்று வாய் வரைக்கும் வந்தது. வேறு எதுவும் பேச வேண்டாம் என்று எழுதியவள் நீ. அடிப்பிடித்ததா?

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் உன் நம்பரைச் சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். யோசித்தெல்லாம் சொல்லவில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எவன் நம்பர் கேட்டாலும் உன் நம்பரைத்தான் சொல்லியிருக்கிறேன். கணக்கு வழக்கு உன்னுடையது, ரத்தம் என்னுடையது. வாய்க்கு அதுதான் பழக்கம். என் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, அதனால்தான் போனின் முதுகில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். நீ போன பிறகு அந்தப் பழக்கமும் உன்னோடு கிளம்பிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. நான் என்ன செய்ய?

பில் வந்ததா? இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. தபால்காரன் சைக்கிள் மணி அடித்தால் ஊசி குத்திய மாதிரி எழுந்துவிடுகிறேன். கொசுவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, என் மூஞ்சி சொல்லிவிட்டது. அவள் மேசையெல்லாம் இரண்டு தடவை துடைக்கிறாள்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். போன வாரம் ஒரு கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி இரண்டு. மிஷின் சரியாகத்தான் சொன்னது. நான் தட்டும்போது புள்ளி இடம் மாறி, ஒன்று புள்ளி ஒன்று இரண்டு என்று போய்விட்டது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். கவரில் போடும்போது கொசு பார்த்துவிட்டு, "இந்த அம்மா இந்நேரம் நடந்து வந்திருக்கவே முடியாதே" என்றாள். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன். நீ இருந்தபோது நான் கையெழுத்துப் போடும் முன்னால் ஒவ்வொன்றையும் நீ ஒரு தடவை படிப்பாய். என்னமோ என்னை நம்பாமல் படிக்கிறாய் என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது கையெழுத்துப் போடும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

பில் வந்துவிட்டது. தெருமுனைக் கடையில் நல்ல தாளில் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். லேமினேஷன் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கவரைப் பிரியுங்கள்.

ஆனால் நான் நினைத்தபடியே ஆகிவிட்டது. பில்லில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. லேப் பெயர் கீழே முகவரியில்தான் வருகிறது. அதிகாரி கண்ணில் அதுதான் முதலில் படும். லேபில் இல்லாத ஒருத்தியின் பெயரில் லைசென்ஸ் இருந்தால் செல்லாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. கடைக்குப் போன் செய்து கேட்டேன். பெயர் மாற்ற வழி இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு மேலிடத்திலிருந்து வர வேண்டும். இருபத்தெட்டுக்குள் நடக்காது. திருட்டுச் சாமான் வேண்டாம் என்று நான் கத்தினேன். முறையாக வாங்கிய சாமானும் என் பெயரால் கெட்டுப்போகப் போகிறது. இரண்டு நாளாக இதுவே மண்டையில் ஓடுகிறது. அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கை தவறி என் பெயரில் வாங்கிவிட்டீர்கள், மாற்றித் தருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

குக்கர் அடிப்பிடிக்கவில்லை. உங்கள் பக்கம் டியூப் சுற்றுகிற மிஷின் டகடகவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் டியூப் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கம் தண்ணீர் டியூப் ஒன்று வைத்து ஓட்டச் சொல்லுங்கள், பேரிங் போய்விடும். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது.

கண் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்கு நாள் குறித்து இரண்டு தடவை எனக்கு மெசேஜ் வந்தது. மூன்றாவதாக, நீங்கள் வரவில்லை என்று வந்தது. புள்ளி ஏன் இடம் மாறுகிறது என்று எனக்குத் தெரிகிறது. போய்க் காட்டுங்கள். அந்தக் கர்ப்பிணி ரிப்போர்ட் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கும் பயமாக இருக்கிறது.

சின்னவள்


பிப்ரவரி 28

சின்னவளே,

அவர் இப்போதுதான் போனார். அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கவர் நேற்று மதியம் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பிரித்தேன்.

அதிகாரி ஒல்லியாக, குடையோடு வந்தார். சிரிக்கவே இல்லை. கவுண்டர் கம்ப்யூட்டரைத் திறந்தார், எதையோ தட்டினார், திரையில் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று வந்தது. ரிப்போர்ட் கம்ப்யூட்டரிலும் வந்தது. கீ அட்டைகளைப் பார்த்தார். லேமினேட் செய்திருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘நல்லா வச்சிருக்கீங்க’ என்றார். கொசு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி உன் பில்லை எடுத்தார். நீ சொன்ன இடத்திலேயே விரல் வந்து நின்றது.

"இது யாரும்மா?"

"என் ஓரகத்தி."

"உறவைக் கேக்கலை. லேபுல யாரு?"

நீ எழுதியது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. கை தவறி என்று சொல்ல வேண்டும், மாற்றித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். நேற்றெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு ஒன்று வருகிறது.

"ரிப்போர்ட் மேசை அவங்களுதுதான்."

"இப்ப எங்க?"

"லீவுல இருக்காங்க."

மாமா டீயை மேசையில் கொட்டிவிட்டார். அதிகாரி உன் மேசையைப் பார்த்தார், நாற்காலி மேல் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். எத்தனை நாள் லீவு என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படி ஒரு லீவா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டினார். ‘முறையான உரிமம் உள்ளது. உரிமையாளர் விடுப்பில். மறு ஆய்வு மார்ச் இருபது. உரிமையாளர் நேரில் கையொப்பமிட வேண்டும்.’ அதுவரைக்கும் டியூப் வரும். இருபதாம் தேதி நீ அந்த மேசையில் இல்லையென்றால் அன்றோடு சரி.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். பொய் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்னை இங்கே யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நீயும் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அப்படியென்றால் அதற்கு லீவு என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

பெயரை என் பெயருக்கு மாற்றலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். எனக்கு ஓ.டி.பி. வந்தால் நான் என்ன செய்வேன்? உன்னைத்தானே கேட்பேன்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டு நீ வராமல் இருந்தால் என்று ஒரு பயம். லேபுக்கு என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. எனக்குத் தனியாக முடியவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

கண் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை போகிறேன். உனக்கு மெசேஜ் வரும்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

மெசேஜ் வந்தது. நீங்கள் கண் காட்டிவிட்டு வந்ததாகவும், புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருப்பதாகவும் போட்டிருந்தார்கள். இந்த ஒரு தடவைதான் அந்த ஆஸ்பத்திரி மெசேஜைப் படித்துவிட்டு நிம்மதியாக அழித்தேன்.

உங்கள் கொழுந்தன் அண்ணனுக்குப் போன் செய்தார். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டார். அவர் ‘சாப்பிட்டேன்’ என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தார்கள், ‘இவ அங்க வரணும்னு சொல்றா’ என்று இவர் சொன்னார். அவ்வளவு பேசியதற்கே இவருக்கு வேர்த்துவிட்டது.

எத்தனை நாளைக்கு என்று இப்போது கேட்காதீர்கள். இவருடைய வேலை இங்கே இருக்கிறது, அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும். உங்களிடம் பேச வேண்டியதும் இருக்கிறது, எல்லாம் நல்லதாக இருக்காது, உங்கள் குரலும் ஏறும். ஏறட்டும். ரயிலில் இடம் போட்டுவிட்டேன். டிக்கெட்டுக்கு என்ன நம்பர் என்று கேட்டார்கள், ஒரு நிமிடம் யோசித்தேன். உங்கள் நம்பரைக் கொடுத்தேன். உங்கள் போனுக்கு வந்திருக்கும், திருட்டு மெசேஜ் என்று அழித்துவிடாதீர்கள், அதிலுள்ள எண்ணை எனக்குப் போனில் சொல்லுங்கள், அதைக் காட்டினால்தான் என்னை ஏற்றுவார்கள்.

அதிகாரி வருவதற்கு முந்தின வாரமே வந்துவிடுவேன். அதற்குள் நாற்காலி மேல் இருக்கும் அட்டைப்பெட்டிகளை இறக்கி வையுங்கள்.

சின்னவள்